மெட்ரோவில் ஐந்தெழுத்து சொல்லலாமா?

தண்டையார்பேட்டை வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "வேலைக்குப் போகும்போது மெட்ரோவில் உட்கார்ந்து 'நமசிவாய' 108 முறை சொல்கிறேன். ஸ்டேஷன் அறிவிப்பு வந்தால் எண்ணிக்கை தப்பிவிடுகிறது. யாரிடமும் உபதேசம் வாங்கவில்லை, பொருளும் தெரியாது. சிலர் 'நமச்சிவாய' என்கிறார்கள். தப்பாகச் சொன்னால் தோஷமா?"

தாராளமாகச் சொல்லுங்கள் அம்மா. பிறர் காதில் விழச் சொல்வது வாசிகம், உதடு மட்டும் அசைந்தால் உபாம்சு, மனசுக்குள் ஓடுவது மானசம். மூன்றில் மானசத்தைத்தான் உயர்வாகச் சொல்கிறார்கள். ரயிலுக்கும் அதுவே தோது.

பொருளுக்கு வருவோம். 'நம' வணக்கம், 'சிவாய' சிவனுக்கு. மேலோட்டமாகப் பார்த்தால் அவ்வளவுதான். சைவ சித்தாந்தம் எழுத்தெழுத்தாகப் பிரிக்கும்: சி சிவன், வா அவன் அருள், ய உயிர், ந மறைப்பு, ம மலம், அதாவது உயிரைப் பற்றியிருக்கும் அழுக்கு. இதையே 'சிவாயநம' என்று மாற்றிச் சொல்லிப் பாருங்கள். 'ய' நடுவில் வந்து நிற்கும். ஒரு பக்கம் சிவனும் அருளும், மறுபக்கம் மறைப்பும் மலமும், இடையில் நாம். எனக்கு இதைவிடப் பிடித்த விளக்கம் வேறில்லை. சொல்லும்போது அந்த 'ய'வில் ஒரு கணம் நில்லுங்கள்.

எண்ணிக்கைக்கு மாலை வேண்டாம். கட்டைவிரலால் மற்ற நான்கு விரல்களையும் தொட்டு வந்தால், விரலுக்கு மூன்று கணு, மொத்தம் 12. ஒரு சுற்று முடிந்ததும் இடது கையில் ஒன்று குறித்துக்கொள்ளுங்கள். ஒன்பது சுற்றில் 108. அறிவிப்பு குறுக்கிட்டால் அந்தச் சுற்றை மட்டும் மறுபடி தொடங்கினால் போதும்.

உபதேசம் பற்றி. நியாசம் (உடலின் இடங்களைத் தொட்டு மந்திரத்தை இருத்துவது), தியானம் என்று முறைப்படி ஜபிக்கத்தான் குருவிடம் தீட்சை வாங்கியிருக்கிறீர்களா என்று கேட்பார்கள். இறைவன் பெயராக நினைத்துச் சொல்ல யாரிடமும் அனுமதி வாங்க வேண்டாம். கல்லோடு கட்டிக் கடலில் தள்ளப்பட்டபோது அப்பர் பாடியதாகச் சொல்லும் நமச்சிவாயப் பதிகத்தை யார் வேண்டுமானாலும் பாடலாமே! ஆனால் வீடியோவில் பார்த்த, 'ஹ்ரீம்' போன்ற பீஜ மந்திரங்களை எடுத்துக்கொண்டு நீங்களாகவே ஜபிக்க ஆரம்பிக்காதீர்கள். அதில் நான் கொஞ்சம் கறார்.

அப்புறம், அந்த 'ச்'. வடமொழியில் 'நம' என்பதன் கடைசியில் விசர்க்கம், அதாவது 'ஹ' போன்ற ஒரு மூச்சொலி உண்டு. அது 'சிவாய'வோடு சேரும்போது சகரம் இரட்டிக்கும். தேவாரத்தில் 'நமச்சிவாய' என்றே வருகிறது. இரண்டும் சரிதான். சந்தேகம் தீரவில்லையென்றால் ஒரு நாள் திருவொற்றியூர் தேரடியில் இறங்கி, அப்பர், சம்பந்தர், சுந்தரர் மூவரும் பாடிய அந்தக் கோயிலில் தேவாரம் பாடும் ஓதுவார் யாராவது இருந்தால் நமச்சிவாயப் பதிகத்தைப் பாடச் சொல்லிக் கேளுங்கள்.