ஹைகோர்ட் நீதிபதிக்கு விண்ணப்பப் படிவமே கிடையாதுங்க

உங்க அக்கா வக்கீலாகி 12 வருஷம் ஆச்சு, ஹைகோர்ட் நீதிபதி தேர்வு எப்போ வரும்னு கேட்டிருந்தீங்க. அப்படி ஒரு தேர்வே இல்லைங்க. அரசியலமைப்பின் 217ஆவது பிரிவுப்படி உயர் நீதிமன்ற வக்கீலா 10 வருஷம் இருந்தா தகுதி வந்துடும். ஆனா பெயரைப் பரிந்துரைக்கிறது அங்குள்ள தலைமை நீதிபதியும் அடுத்த இரண்டு மூத்த நீதிபதிகளும்தான். அப்புறம் கோப்பு மாநில அரசு, மத்திய சட்ட அமைச்சகம், உச்ச நீதிமன்றக் கொலீஜியம் (அங்குள்ள மூத்த நீதிபதிகள் குழு)னு சுத்தி, கடைசியில் குடியரசுத் தலைவர் கையெழுத்து. நடுவுல மாசக்கணக்கில் தூங்குறதும் உண்டு! இந்த முறையை மாத்த 2014ல் வந்த தேசிய நீதித்துறை நியமன ஆணையச் சட்டத்தை 2015ல் உச்ச நீதிமன்றமே ரத்து பண்ணிடுச்சு.

தேர்வுதான் எழுதணும்னா மாவட்ட நீதிபதி பதவியைப் பார்க்கச் சொல்லுங்க. அதுக்கு 7 வருஷ வக்கீல் அனுபவம் போதும். வயது வரம்பை மட்டும் அறிவிப்பில் முதல்ல பார்த்துக்கங்க.