பிப்ரவரித் தவணை எங்கே போனது?

கேள்வி: ஈடேட் (EDATE, தேதியோடு மாதங்களைக் கூட்டுவது) ஃபார்முலாவைப் புத்தகத்தில் இருக்கிறபடியே அடித்தேன். எக்செல் தப்பு என்கிறது. (லெனேசியா)

பதில்: கமாவை எடுத்துவிட்டு அரைப்புள்ளி போடுங்கள். தென்னாப்பிரிக்க செட்டிங்கில் கமா தசமக் குறியாகிவிடுகிறது.

கேள்வி: சோபா செட் தவணையில் எடுத்தேன். முதல் தவணை ஜனவரி 31, பிறகு மாதாமாதம் கடைசி நாள். ஷீட்டில் ஒவ்வொரு தேதியோடும் 30 கூட்டி வைத்திருந்தேன். பிப்ரவரிப் பணம் வரவில்லை என்று கடைக்காரர் வட்டி போட்டுவிட்டார். (பீனிக்ஸ்)

பதில்: உங்கள் ஷீட்டில் பிப்ரவரியே இல்லையே ஐயா, பணம் எப்படிப் போகும்? 2026 ஜனவரி 31-ஓடு 30 கூட்டினால் மார்ச் 2. அப்புறம் ஏப்ரல் 1, மே 1, மே 31. பிப்ரவரி பட்டினி, மே மாதத்துக்கு இரண்டு சாப்பாடு. மாதம் என்றால் 30 நாள் என்று யார்தான் சொல்லிக் கொடுத்தார்களோ, கடைக்காரரிலிருந்து கணக்கு எழுதும் பிள்ளை வரை எல்லோரும் இதையே செய்கிறார்கள்.

மாதத்தைக் கூட்டத்தான் ஈடேட் இருக்கிறது. அதிலும் ஒரு குழி உண்டு. மேல் வரிசைத் தேதியோடு ஒரு மாதம் கூட்டிக்கொண்டே போனால் ஜனவரி 31 பிப்ரவரி 28 ஆகும், அதற்கடுத்து மார்ச் 28, ஏப்ரல் 28. ஒருமுறை 28-க்கு இறங்கினால் ஏறவே ஏறாது. அதனால் எப்போதும் முதல் தேதியிலிருந்தே எண்ண வேண்டும். முதல் தேதியை பி2-இல் வைத்து, ஏ3-இலிருந்து கீழே 1, 2, 3 என்று எழுதி, பி3-இல் =ஈடேட்($பி$2; ஏ3) என்று போட்டுக் கீழே இழுங்கள். மார்ச் மறுபடி 31-க்கு வந்துவிடும்.

இன்னொன்று. 2026 பிப்ரவரி 28 சனிக்கிழமை. முந்தைய வேலை நாளிலேயே கட்டிவிட வேண்டுமானால், வந்த தேதியோடு 1 கூட்டி, வேலை நாள்களை மட்டும் எண்ணும் வொர்க்டேயில் (WORKDAY) -1 கொடுங்கள். வெள்ளி 27 வரும்.

இவ்வளவு பேசுகிற நான் ஒரு காலத்தில் 350 ராண்ட் கொடுத்து 'தவணைத் தேதி ஷீட்' ஒன்றை வாங்கினேன். கடவுச்சொல் போட்டுப் பூட்டியிருந்தார்கள். மருமகன் திறந்து காட்டினான். உள்ளே இருந்தது +30. இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆஃபீஸிலேயே ஈடேட் இருக்கிறது, காசு கொடுக்காதீர்கள்.

கேள்வி: டிசம்பர் 18 அன்று வீட்டுக்கே வந்து சமைத்துக் காட்டி, பானை செட்டை என் தலையில் கட்டிவிட்டுப் போனார்கள். ஐந்து நாளில் வேண்டாம் எனலாம் என்றார்கள். 24-ஆம் தேதி எழுதிக் கொடுத்தேன், நாள் கடந்துவிட்டது என்கிறார்கள். (சாட்ஸ்வொர்த்)

பதில்: கடக்கவில்லை அக்கா, விடாதீர்கள். 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 16, ஐந்து வேலை நாள் தருகிறது. சரக்கு பிறகு வந்திருந்தால் அது வந்த நாளிலிருந்து எண்ண வேண்டும். முதல் நாள் கணக்கில் சேராது. 2025 டிசம்பர் 19, 22, 23, 24 ஆகியவை நான்கு. 25-ம் 26-ம் விடுமுறை, அப்புறம் சனி ஞாயிறு. ஐந்தாவது நாள் 29. நீங்கள் எழுதியது நான்காம் நாளில்.

ஷீட்டில் பி2-இல் அந்த முதல் நாளை வைத்து =வொர்க்டே(பி2; 5; எச்2:எச்13). எச் பத்தியில் நம் 12 அரசு விடுமுறைகள். ஞாயிற்றுக்கிழமை விழும் விடுமுறைக்குப் பதில் அடுத்த திங்களைப் போடுங்கள், 2026-இல் ஆகஸ்ட் 9 அப்படித்தான். பானையைத் திருப்பிக் கொடுத்ததிலிருந்து 15 வேலை நாளுக்குள் பணம் வர வேண்டும், அந்தத் தேதியையும் போட்டு வையுங்கள். இதே மாதிரி ஒரு செட் எங்கள் வீட்டுப் பரணில் தூங்குகிறது. நான் ஆறாம் நாள்தான் விழித்தேன்.

கேள்வி: மைக்ரோவேவ் ஏப்ரல் 10 வீட்டுக்கு வந்தது. கெட்டுப்போய் அக்டோபர் 8 அன்று கொண்டுபோனேன். 180 நாள் முடிந்துவிட்டது என்று கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார்கள். (டோங்காட்)

பதில்: அங்கேயும் +30 ஆறு தடவை! அதே நுகர்வோர் சட்டம் இதற்குத் தருவது 180 நாள் அல்ல, ஆறு மாதம், அதாவது அக்டோபர் 10 வரை. பழுது பார்ப்பதா, மாற்றித் தருவதா, பணமா என்பதும் உங்கள் விருப்பம், அவர்களுடையது அல்ல. பிரிவு 56 என்று எழுத்தில் கேளுங்கள். 8-ஆம் தேதி கொண்டுபோனதற்கு ஒரு அத்தாட்சியை வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஜிம்மில் 24 மாத ஒப்பந்தம் போட்டேன். எப்போது என்று நினைவில்லை, தாளும் கிடைக்கவில்லை. முடியும் தேதிக்கு ஃபார்முலா சொல்லுங்கள். (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

பதில்: தொடங்கிய தேதி இல்லாமல் எதோடு 24-ஐக் கூட்டுவது? கையெழுத்துப் போடத் தெரிந்தவருக்கு ஒரு தாளைப் பத்திரமாக வைக்கத் தெரியாதா? ஜிம்மிடம் நகல் கேளுங்கள். முடியும் வரை காத்திருக்கவும் வேண்டாம், 20 வேலை நாள் முன்னறிவிப்பு எழுதிக் கொடுத்து நடுவிலேயே விலகலாம். நியாயமான ஒரு தொகை பிடிப்பார்கள். மறதிக்கு அது பரவாயில்லை.

கேள்வி: தேதி கேட்டால் 46081 என்று வருகிறது. கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவர் 400 ராண்ட் கேட்கிறார். (டர்பன்)

பதில்: அது 2026 பிப்ரவரி 28. எக்செல் 1900 ஜனவரி 1-ஐ ஒன்று என்று வைத்து நாள்களை எண்ணுகிறது, அவ்வளவுதான். செல்லின் ஃபார்மட்டைத் தேதி என்று மாற்றுங்கள். 400 ராண்ட் பையிலேயே இருக்கட்டும்.