இணைய வேகத் தரவரிசையும் நம் வீட்டு இணையமும்: கேள்வி பதில்

ஈசூன் அன்பர்: நாடுகளின் இணைய வேகத்தை ஒப்பிடும் ஊக்லா நிறுவனத்தின் பட்டியலில் சிங்கப்பூர் முன்னணியில் இருக்கிறது. திருச்சியிலுள்ள என் அண்ணன், இந்தியா மிகவும் பின்தங்கியிருப்பதாக வருந்துகிறார். அன்றாடப் பயனருக்கு அது உண்மையிலேயே குறையா?

பதில்: ஓர் எல்லைவரை குறைதான், அதற்கு மேல் இல்லை. ஃபுல் எச்டி படத்துக்கு நொடிக்கு 5 மெகாபிட், 4கே படத்துக்கு 15 மெகாபிட் போதும் என்று நெட்ஃபிளிக்ஸ் நிறுவனமே சொல்கிறது. ஒரே வீட்டில் நான்கு பேர் ஒரே நேரத்தில் 4கே பார்த்தாலும் 60 மெகாபிட்டுக்குமேல் தேவைப்படாது. ஆகவே, அண்ணன் வீட்டுக்கு 100 மெகாபிட் தடங்கலின்றி வந்தால், நாட்டின் இடம் பட்டியலில் எங்கிருந்தாலும் அவருக்கு இழப்பில்லை. இரண்டு மெகாபிட்டில் பிள்ளையின் இணைய வகுப்பு அடிக்கடி அறுந்துபோகும் வீட்டுக்கோ அது பெரிய இழப்பு. வேகச் சோதனை வழக்கமாக அருகிலுள்ள சர்வரோடுதான் நடக்கிறது என்பதையும் மறக்கக்கூடாது. இணையத் தரவைச் சுமந்து கண்ணாடியிழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர் செல்கிறது. நீங்கள் திறக்கும் தளத்தின் சர்வர் கலிஃபோர்னியாவில் இருந்தால், அது சிங்கப்பூரிலிருந்து ஏறத்தாழ 14,000 கிலோமீட்டர். போய்வர 140 மில்லிநொடியாவது ஆகும். அந்தத் தாமதத்தை எவ்வளவு விலை கொடுத்தாலும் குறைக்க முடியாது. இணையப் பக்கம் திறக்கையில் இத்தகைய போக்குவரத்து பலமுறை நிகழ்வதால், மெகாபிட்டை இரட்டிப்பாக்கினாலும் காத்திருக்கும் நேரம் பாதியாவதில்லை.

பொங்கோல் அன்பர்: படுக்கையறையில் காணொளி நின்று நின்று ஓடுகிறது. 10 ஜிகாபிட் (10,000 மெகாபிட்) திட்டத்துக்கு மாறலாமா?

பதில்: முதலில் ரவுட்டரில் கம்பியைச் செருகிச் சோதியுங்கள். கம்பியில் வேகம் வந்தால் குறை வைஃபையில் இருக்கிறது. பலர் ரவுட்டரை வீட்டிலுள்ள பாம் ஷெல்டருக்குள் (குண்டுவீச்சுப் பாதுகாப்பு அறை) வைத்துக் கதவையும் மூடிவிடுகிறார்கள். இரும்புக் கம்பி பாய்ச்சிய அந்தக் கான்கிரீட் சுவரையும் எஃகுக் கதவையும் எந்தத் திட்டமும் துளைக்காது.

செங்காங் அன்பர்: 500 மெகாபிட் திட்டத்தில் பதிவிறக்கம் 60 என்றே காட்டுகிறது. ஏமாற்றுகிறார்களா?

பதில்: இல்லை. திட்டத்தின் 500 மெகாபிட்டில் சொல்வது, திரையில் காட்டும் 60 மெகாபைட்டில் சொல்வது. ஒரு பைட்டுக்கு எட்டு பிட் என்பதால் எட்டால் பெருக்குங்கள், 480 மெகாபிட் வரும்.

தெம்பனிஸ் அன்பர்: 100 போதுமென்றால், 10 ஜிகாபிட்டுக்காக அரசாங்கம் 10 கோடி வெள்ளிவரை ஏன் ஒதுக்குகிறது?

பதில்: 2024இல் தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையம் அறிவித்த அந்தத் தொகை, நாடு தழுவிய கட்டமைப்பை மேம்படுத்துவதற்கானது. வருங்காலத் தேவையைக் கணித்துக் கட்டமைப்பை வளர்ப்பது அரசின் வேலை. அதனாலேயே உங்கள் வீட்டுக்கு இன்று 10 ஜிகாபிட் தேவை என்றாகிவிடாது.

தெம்பனிஸ் அன்பர்: அப்படியானால் தரவரிசையே வீண் பெருமையா?

பதில்: முழுவதும் வீண் அன்று. கண்ணாடியிழை எவ்வளவு பரவலாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது என்பதை அது ஓரளவு காட்டும். ஆனால் சோதித்துப் பார்த்தவர்களின் நடு மதிப்பைத்தான் அது சொல்கிறது. ஒரு நாட்டின் கடைசி வீட்டுக்கு எவ்வளவு வருகிறது என்பதே என் கேள்வி. மேலும், பெரிய காணொளிகளைப் பதிவேற்றுவோருக்கு வேகம் உண்மையாகவே உதவும். அதிலும் பதிவேற்ற வேகம். விளம்பரங்களில் அதைத் தேடிப் படியுங்கள்.

பிடோக் அன்பர்: கைப்பேசிக்கு எந்த நிறுவனம் மலிவு?

பதில்: அது என் துறை அன்று.

உட்லண்ட்ஸ் அன்பர்: அறையில் வைஃபை மெதுவாக இருக்கிறது. 10 ஜிகாபிட் வாங்கினால் சரியாகுமா?

பதில்: பொங்கோல் அன்பருக்குச் சொன்னதைப் படியுங்கள். முதலில் கம்பி.