இடமாற்றக் கடிதம் கையில், விடுவிப்புத்தான் இல்லை

கேள்வி: யாழ்ப்பாணம் கோப்பாயிலுள்ள தேசிய கல்வியியற் கல்லூரியில் கணிதம் பயின்று, தீவகத்தில் படகேறிப் போகவேண்டிய ஒரு மாகாணப் பாடசாலைக்கு நியமனம் பெற்றேன். ஐந்து வருடம் முடிந்துவிட்டது. வருடாந்த இடமாற்றத்தில் வலிகாமத்தில் ஒரு பாடசாலை கிடைத்து, கடிதம் வந்து மூன்று மாதமாகிறது. "பதில் ஆள் வரட்டும், விடுகிறேன்" என்கிறார் அதிபர். வலயக் கல்விக் காரியாலயத்தில் கேட்டால், "அதிபரிடம் கேளுங்கோ" என்கிறார்கள். இரண்டு வயதில் மகன் இருக்கிறான். பேசாமல் போகாமல் நின்றுவிட்டால் என்ன? இல்லாவிட்டால் கடிதத்தோடு நேரே புதுப் பாடசாலைக்குப் போகலாமா?
– ஓர் ஆசிரியை

பதில்: இரண்டும் வேண்டாம், தங்கச்சி. லீவு அனுமதியில்லாமல் நின்றால், அரச அலுவலர்களுக்கான தாபன விதிக்கோவைப்படி நீங்கள் பதவியை வெறிதாக்கியதாகக் கடிதம் வரும். இப்போது நியாயம் உங்கள் பக்கம் இருக்கிறது. அந்தக் கடிதம் வந்த அன்றிலிருந்து விளக்கம் சொல்லவேண்டியவர் நீங்களாகிவிடுவீர்கள். விடுவிப்புக் கடிதம் இல்லாமல் புதுப் பாடசாலைக்குப் போனாலும் அங்கே வரவுப் பதிவேட்டில் ஒப்பமிட விடமாட்டார்கள், இங்கே வரவில்லை என்று பதிவாகும். நடுவில் சம்பளம் நிற்கும்.

இனிக் கடிதத்தை எடுத்து ஆறுதலாக வாசியுங்கள். "இன்ன திகதியிலிருந்து இடமாற்றப்படுகிறீர்கள்" என்று மட்டும் இருக்கிறதா, அல்லது "பதிலீட்டு ஆசிரியர் கடமையேற்றதும்" என்று நிபந்தனை எதுவும் இருக்கிறதா? கீழே "பிரதி" என்ற இடத்தில் அதிபருக்கு எழுதிய குறிப்பையும் பாருங்கள். பல வேளைகளில் நிபந்தனை அங்கேதான் ஒளிந்திருக்கும்.

நிபந்தனை இல்லையென்றால் அதிபருக்கு உங்களை மறித்துவைக்க அதிகாரமில்லை. 1987ஆம் ஆண்டின் 42ஆம் இலக்க மாகாண சபைகள் சட்டத்தின் 32ஆம் பிரிவின்படி, மாகாணப் பொதுச் சேவை அலுவலர்களின் நியமனமும் இடமாற்றமும் ஆளுநரிடம் இருக்கின்றன. அவர் அதை மாகாணப் பொதுச் சேவை ஆணைக்குழுவுக்குக் கையளிக்கலாம். அந்த அதிகாரத்தின் கீழ் வந்த கட்டளையைப் பாடசாலையில் வைத்து ஒருவர் வாய்ச் சொல்லால் நிறுத்த முடியாது.

நிபந்தனை இருக்கிறதென்றால் அதிபரில் பிழையில்லை, அவரோடு மல்லுக்கட்டிப் பயனுமில்லை. பதில் ஆள் அனுப்பவேண்டியது திணைக்களம். முடிவுத் திகதியே இல்லாத ஒரு நிபந்தனை, கொடுத்த இடமாற்றத்தைப் பறிப்பதற்குச் சமன் என்பதே அப்போது உங்கள் வாதம். அதிபர் பக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். கணிதத்துக்கு இருக்கும் ஒரே ஆளை விட்டால், அடுத்த சாதாரண தரப் பெறுபேறு வரும்போது பெற்றோர் அவருடைய கந்தோர் வாசலில்தான் நிற்பார்கள். இரண்டு வருடம் விடுதியில் வைத்துப் படிப்பித்து, ஒரு வருடம் பாடசாலையில் பயிலவிட்டு, ஆசிரியரை உருவாக்கத் தெரிந்த அரசு, குறிகட்டுவான் படகுத்துறையில் இருந்து அவர் திரும்பும் நாளில் அடுத்தவரைப் படகேற்றக் கற்றுக்கொள்ளவில்லை. அதன் விலையை நீங்கள் ஒருவரே கட்டவேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

இதுவரை நடந்ததெல்லாம் வாய்ப்பேச்சு. இனி எல்லாம் எழுத்தில் வரட்டும். வலயக் கல்விப் பணிப்பாளருக்கு அதிபர் ஊடாக ஒரு கடிதம், முற்பிரதி பதிவுத் தபாலில். இடமாற்றக் கடிதத்தின் இலக்கம், திகதி, நீங்கள் விடுவிப்புக் கேட்ட நாட்கள், அதிபர் சொன்ன பதில், இத்தனை நாளுக்குள் எழுத்தில் பதில் வேண்டும் என்ற கோரிக்கை, இவ்வளவும் ஒரு பக்கத்துக்குள் அடங்கவேண்டும். மகனைப் பற்றி ஒரு வரி போதும். கஷ்டங்களை நான்கு பக்கத்துக்கு எழுதினால் கோரிக்கை அதற்குள் தொலைந்துவிடும். பிரதிகள் மாகாணக் கல்விப் பணிப்பாளருக்கும் ஆணைக்குழுச் செயலாளருக்கும் போகட்டும். எம்.பி.யிடம் சிபாரிசுக் கடிதம் வாங்கும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். நாளைக்கு வழக்கென்று வந்தால் அது உங்களுக்கு அழகாக இராது.

அதோடு கூடவே, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு விண்ணப்பமும் போடுங்கள். இதைத்தான் நான் அதிகம் நம்புவேன். உங்கள் பாடசாலையில் கணிதத்துக்கு அங்கீகரிக்கப்பட்ட ஆளணி எத்தனை, இப்போது இருப்பவர் எத்தனை பேர், உங்களோடு அதே இடமாற்றத்தில் பெயர் வந்தவர்களில் பதில் ஆள் வராமலே விடுவிக்கப்பட்டவர்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விக்கு "ஐந்து பேர்" என்று பதில் வந்தால், அரசியலமைப்பில் சமத்துவ உரிமைக்கான 12(1) உறுப்புரை வாதம் உங்கள் கையில் தானாக வந்து விழும். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானம் சொல்லவேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு, அப்புறம் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு.

இத்தனைக்கும் அசையாவிட்டால் நீதிமன்றம். உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மீறல் மனு போட அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரை ஒரு மாதம்தான் தருகிறது. முதல் மறுப்புக்கு மூன்று மாதமாகிவிட்டதால் அந்த வழி உங்களுக்குக் கொஞ்சம் ஒடுக்கம். உங்கள் கடிதத்துக்கு எழுத்தில் மறுப்பு வந்தால், அந்தத் திகதியைக் குறித்துக்கொண்டு உடனே சட்டத்தரணி ஒருவரைப் பாருங்கள். புதிதாக ஒரு மாதம் கிடைக்கும் என்று நான் உறுதி தரமாட்டேன். மனித உரிமைகள் ஆணைக்குழுவின் யாழ்ப்பாணப் பிராந்தியக் காரியாலயத்தில் ஒரு மாதத்துக்குள் முறையிட்டால், விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கணக்கில் வராது. ஆனால் முறைப்பாட்டை எழுதிக்கொடுத்துவிட்டு வீட்டில் இருந்தால் போதாது, விசாரணை நடப்பதைக் காட்டவேண்டும்.

உங்கள் நிலைக்கு எனக்குப் பொருத்தமாகப் படுவது யாழ்ப்பாண மேல் நீதிமன்றத்தில் எழுத்தாணை மனு, அதாவது அதிகாரிகளுக்கு நீதிமன்றம் இடும் கட்டளையைக் கேட்கும் மனு. மாகாண அதிகாரிகளுக்கு எதிராக எழுத்தாணை வழங்கும் அதிகாரத்தை அரசியலமைப்பின் 154P உறுப்புரை மாகாண மேல் நீதிமன்றத்துக்குக் கொடுத்திருக்கிறது. கட்டளையை நிறைவேற்று என்று கேட்கும் மாண்டமுஸ் மனுவுக்கு, நீங்கள் முன்கூட்டியே எழுத்தில் கேட்டிருக்கவேண்டும். பதிவுத் தபால் பற்றுச்சீட்டைப் பத்திரமாக வைக்கச் சொல்வது அதனால்தான். இந்த மனுவுக்கு நாள் எல்லை இல்லாவிட்டாலும், காரணமில்லாமல் தாமதித்தால் அதுவே மனுவைக் கவிழ்க்கும். தேசிய பாடசாலை ஆசிரியர்களுக்கு மத்திய அமைச்சு, கொழும்பு என்று பாதை வேறு. இந்தப் பதிலை அவர்கள் தங்களுக்கென்று எடுக்கவேண்டாம்.

வேலையையே விட்டுவிடும் யோசனை வந்தால், கல்லூரியில் சேரும்போது ஒப்பமிட்ட உடன்படிக்கையை முதலில் தேடி எடுங்கள். எத்தனை வருடச் சேவை, இடையில் விட்டால் எவ்வளவு கட்டவேண்டும் என்பது அதில் இருக்கும். உங்களுக்காக யாராவது பிணை நின்றிருந்தால் அவருக்கும் சொல்லிவிட்டு முடிவெடுங்கள். பிரதி கைவசம் இல்லாவிட்டால் கல்லூரியில் எழுதிக் கேட்டு வாங்கலாம்.