சக்கோன்: நிரலில் யார் பெயரைப் போடுவது?

கேள்வி: என் மகள் பள்ளி இசை நிகழ்ச்சியில் இத்தாலிய இசையமைப்பாளர் விட்டாலியின் ஜி மைனர் சக்கோனை (அடியில் ஒரே சுரவரிசை திரும்பத் திரும்ப வர, மேலே மாறிக்கொண்டே போகும் இசை) வயலினில் வாசிக்கிறாள். அது விட்டாலி எழுதியதே இல்லை, போலி என்கிறார் ஒருவர். நிரலில் யார் பெயரைப் போடுவது? ‘அசல் பதிப்பு’ என்று இணையத்தில் விற்கிறார்களே, வாங்கலாமா?

பதில்: முதலில் இரண்டாவது கேள்வி. வாங்காதீர்கள். அட்டையில் ‘அசல்’ என்று பார்த்து நானே ஒருமுறை ஏமாந்திருக்கிறேன். பிரித்தால், லைப்சிக் வயலின் கலைஞர் ஃபெர்டினாண்ட் டேவிட் 1867-இல் பியானோ சேர்த்து வெளியிட்ட பதிப்பின் மங்கல் நகல். வில் ஏற்ற இறக்கத்துக்கு அவர் போட்ட குறிகள்கூட அப்படியே. இலவசமாகக் கிடைப்பதை அச்சடித்துக் காசு பார்க்கும் கூட்டம் இது.

சரி, போலியா? டேவிட்டே எழுதி விட்டாலி தலையில் கட்டிவிட்டார் என்று நெடுநாள் சந்தேகம். அதற்கு இசையே இடம் கொடுக்கிறது. அடியில் ஸ-நி-த-ப என்று இறங்கும் நாலே சுரங்கள் திரும்பத் திரும்ப வரும். அதுவரை பரோக் கால (சுமார் 1600–1750) வழக்கம்தான். அப்புறம் அந்த ‘ஸ’வே இடம் மாறி பி பிளாட் மைனர், ஈ பிளாட் மைனர் என்று எங்கோ போய்விடும். 1663-இல் பிறந்த விட்டாலிக்கு இது மிகவும் துணிச்சல்.

ஆனால் ஜெர்மனியின் டிரெஸ்டன் நூலகத்தில் ஒரு கையெழுத்துப்படி இருக்கிறது. 1810-இல் டேவிட் பிறப்பதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே அரசவை நகலாளர் யாகோப் லிண்ட்னர் எழுதியது. ஆகவே டேவிட் மேல் பழி வேண்டாம். தன் சொந்தத் துண்டுகளுக்குப் பழையவர்கள் பெயரைப் போட்டு 1935-இல் ஒப்புக்கொண்ட வயலின் கலைஞர் கிரைஸ்லர் கதை வேறு. அதைக் கேட்டவர்கள்தான் எதையும் போலி என்கிறார்கள். லிண்ட்னர் படியின் தலைப்பில் ‘டொமாசோ விட்டாலினோ’ என்றிருக்கிறது. விட்டாலினோ என்றால் சின்ன விட்டாலி. அப்பா ஜோவான்னி பத்திஸ்தாவும் இசையமைப்பாளர் என்பதால் மகனைத்தான் சொல்கிறது போலும். ஆனாலும் அது நகலெடுத்தவர் எழுதிய பெயர், விட்டாலி போட்ட கையெழுத்தல்ல.

எனவே நிரலில் ‘டி. ஏ. விட்டாலி பெயரில் வழங்குவது’ என்று போடுங்கள். பக்கத்திலேயே அந்த இசையை மாற்றியமைத்தவர் பெயர். மேடைகளில் அதிகம் கேட்பது டேவிட் பதிப்பை லெயோபோல்ட் சார்லியே என்ற வயலின் கலைஞர் மேலும் மாற்றியமைத்தது. உங்களிடம் இருப்பது எது என்று முதல் பக்க மூலையில் பாருங்கள். இசைச் செயலிகளோ வெறும் ‘விட்டாலி’ என்று போட்டுவிட்டுப் போகின்றன. இன்னொரு பெயருக்கு ஒரு வரி ஒதுக்க என்ன கேடோ!

மூலம்தான் வேண்டுமென்றால் டிரெஸ்டன் நூலகத் தளத்தில் அந்தப் படியை இலவசமாகவே பார்க்கலாம். அதில் வயலினும் அடிச்சுர வரியும் மட்டுமே இருக்கும். பியானோ வாசிப்பவரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.