யுத்த தாங்கிக்கும் கறள் பிடிக்கும்: கேள்வி பதில்

கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் பழைய கார்களுக்கு உயிர் கொடுத்துப் பிழைத்தவன் நான். யுத்த தாங்கி எனக்குத் தொழில் இல்லை, பைத்தியம். வந்து குவிந்த கேள்விகளில் சிலவற்றுக்கு மட்டும் பதில்.

ஐயா, அவ்வளவு தடித்த இரும்பு மழையில் கிடந்தால் என்ன ஆகிவிடும்? (வெள்ளவத்தை)

கடற்கரைப் பக்கம் இருக்கிறீர்கள்தானே, உங்கள் யன்னல் கம்பியை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். பெயின்ட் பொருக்காகக் கிளம்பும், அடியில் செங்கல் தூள் மாதிரிக் கறள் கொட்டும். தாங்கியிலும் இதே கதைதான். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி ஓட்டிய டைகர் தாங்கியின் முன்பக்கத் தகடு 100 மில்லிமீற்றர். கறள் அதைச் சுலபத்தில் தின்னாது. மட்கார்ட், மூடியின் பிணைச்சல், உள்ளே இருக்கும் வயர், மானி எல்லாவற்றையும் முதலில் தின்றுவிடும். மேல்மூடி வழியாக இறங்கும் மழைத்தண்ணீர் அடித்தட்டில் தேங்கி நிற்கும். வெளியே புதுப் பச்சைப் பெயின்ட் பளபளக்கும், உள்ளே நுளம்பு குடும்பம் நடத்தும். டெங்குக்காரர் ஏறிப் பார்த்தால் தண்டம்தான்.

அப்படியென்றால் தண்ணீருக்குள் மூழ்கியது மிஞ்சவே மிஞ்சாதா?

எந்தத் தண்ணீர் என்பதுதான் விஷயம். எஸ்தோனியாவில் 2000ஆம் ஆண்டு ஓர் ஏரியிலிருந்து டி-34 ஒன்றை இழுத்தெடுத்தார்கள். சோவியத் தாங்கி, ஆனால் மேலே ஜெர்மன் சிலுவைக் குறி. ஜெர்மன்காரர் பிடித்து ஓட்டியிருக்கிறார்கள். அரை நூற்றாண்டுக்கு மேல் கிடந்தும் கறள் கொஞ்சம்தான். அடியில் இருந்த சேறு காற்றை அண்டவிடவில்லை. கடல் உப்புத் தண்ணீர் இப்படிக் கருணை காட்டாது.

உலகிலேயே ஒன்றே ஒன்று மிஞ்சிய தாங்கி உண்டா அண்ணா? (மாணவி, கொட்டாஞ்சேனை)

உண்டு தங்கச்சி. முதலாம் உலகப் போரில் ஜெர்மனி கட்டிய ஏ7வி. மொத்தமே 20 கட்டினார்கள், மிஞ்சியது ‘மெஃபிஸ்டோ’ மட்டும். 1918இல் பிரான்சில் அவுஸ்திரேலியப் படையினர் கைப்பற்றி, அடுத்த வருடம் கப்பலேற்றி பிரிஸ்பேனுக்குக் கொண்டுபோனார்கள். பிறந்த நாட்டில் இருந்த கூடப்பிறந்தவை பழைய இரும்பாகப் போக, வெற்றிச் சின்னமாக ஊர்விட்டு ஊர் போனது தப்பியது. அங்கேயும் பல வருடம் வெட்டவெளியில்தான் நின்றது. அப்புறம் கூரை கிடைத்தது, 2011இல் பிரிஸ்பேன் வெள்ளம் அதையும் நனைத்தது.

ஓட்டிக் காட்டுவது நல்லதா, நிறுத்தி வைப்பதா?

இங்கிலாந்தின் பொவிங்டன் அருங்காட்சியகத்தில் டைகர் 131 இன்றும் ஓடுகிறது. 1943 ஏப்ரலில் துனீசியாவில் பிடிபட்டது. ஒரு குண்டு, பீரங்கியைத் திருப்பும் சுழல்மேடையைச் சிக்கவைக்க, உள்ளே இருந்தவர்கள் விட்டுவிட்டு ஓடிவிட்டார்கள். ஆனால் இப்போது ஓடுவது அதனோடு வந்த எஞ்சின் இல்லை. ஓட்டும் ஒவ்வொரு முறையும் பல்சக்கரம் தேயும். புதிது வாங்க எந்தப் பஞ்சிகாவத்தையிலும் கடை இல்லை. ஒன்றை ஓட்டட்டும், மற்றவை ஈரமில்லாத கொட்டகையில் தூங்கட்டும் என்பேன். அந்த எஞ்சின் சத்தத்தைக் கேட்க எனக்கும் ஆசைதான், அது வேறு.

தனியாள் வைத்திருக்க முடியுமா?

நாட்டைப் பொறுத்தது. இங்கிலாந்தின் டெவன் கரையில் கென் ஸ்மோல் என்பவர், கடலடியில் கிடந்த அமெரிக்க ஷெர்மன் தாங்கியை 50 டொலருக்கு வாங்கி 1984இல் கரையேற்றினார். இன்று டோர்குரொஸ் கிராமத்தில் நினைவுச் சின்னமாக நிற்கிறது. ஜெர்மனியில் ஒருவர் வீட்டு நிலவறையில் பாந்தர் தாங்கி வைத்திருந்தார். 2015இல் இராணுவம் வந்து இழுத்துப் போனது, 2021இல் அவருக்கு 250,000 யூரோ அபராதம்.

திருகோணமலையில் அந்தக் காலத்துத் தாங்கி 99 இருக்கிறதாமே?

தம்பி, அவை எண்ணெய்த் தாங்கிகள்!

ஆனையிறவில் நிற்பது?

அது 1991 சண்டையில் வந்த, கவசத் தகடு பொருத்திய புல்டோசர். தாங்கி இல்லை.

வன்னியில் எங்கள் காணியில் இரும்பு ஏதோ தலை நீட்டுகிறது. தோண்டலாமா?

மண்வெட்டியைக் கீழே வையுங்கள். பொலிசுக்குச் சொல்லுங்கள், கண்ணிவெடி அகற்றுபவர்கள் பார்க்கட்டும்.

அப்பாவின் பழைய ஜீப் ஒன்று முற்றத்தில் நிற்கிறது. படங்கு போட்டு மூடி வைத்தால் போதுமா?

இறுக்கி மூடினால் ஈரம் உள்ளே வேர்க்கும், திறந்து விட்டதைவிட மோசம். நாலு கம்பு நட்டு, படங்கு வண்டியில் படாமல் மேலே கட்டுங்கள். தரைத்தகட்டில் உள்ள தண்ணீர்த் துளைகளில் அடைத்த மண்ணை ஒரு கம்பியால் குத்தி எடுங்கள். மூலையில் ரப்பர் பாயைத் தூக்கிப் பாருங்கள். கறள் அங்கேதான் குந்தியிருக்கும்.