ரிப்போர்ட் எல்லாம் நார்மல், ஆனால் மூட்டு வலிக்கிறது

கேள்வி: எனக்கு 23 வயது. சென்னையில் ஐ.டி. வேலை. சின்ன வயதிலிருந்து பரதநாட்டியம் ஆடினேன். உடம்பு ரப்பர் மாதிரி வளையும் என்று டீச்சர் என்னைத்தான் முன்வரிசையில் நிறுத்துவார். சில வருடங்களாக முழங்கால், மணிக்கட்டு, தோள்பட்டை என்று வலி இடம் மாறி மாறி வருகிறது. கணுக்கால் அடிக்கடி பிசகுகிறது. ரத்தப் பரிசோதனையும் எக்ஸ்-ரேயும் நார்மல். “ஹைப்பர்மொபிலிட்டிதான், பயப்படாதீங்க” என்று சொல்லி வலி மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். யோகா வகுப்பில் சேர்ந்தேன், வலி கூடிவிட்டது. “இந்த வயசுல என்ன மூட்டு வலி” என்று வீட்டில் கேட்கிறார்கள். உடற்பயிற்சியை விட்டுவிடவா? கல்யாணப் பேச்சு வேறு நடக்கிறது. பின்னால் குழந்தை பெறுவதில் சிக்கல் வருமா?

பதில்: உடற்பயிற்சியை விடவே கூடாது. அந்த யோகா வகுப்பை வேண்டுமானால் இப்போதைக்கு விடலாம். ஒன்றுக்கொன்று முரணாகத் தெரியும், ஆனால் உங்கள் சிகிச்சையே இந்த இரண்டு வாக்கியங்களில்தான் இருக்கிறது.

ஒரு மூட்டை அதன் இடத்தில் நிறுத்துபவை இரண்டு. எலும்பை எலும்போடு கட்டும் தசைநார்கள் ஒன்று. மூட்டைச் சுற்றியுள்ள தசைகள் இன்னொன்று. உங்களைப் போன்றவர்களுக்குத் தசைநார் பிறவியிலேயே தளர்வு, அதனால் மூட்டு அளவுக்கு மீறி வளையும். ஹைப்பர்மொபிலிட்டி என்பது இதுதான். கொலாஜன் முதலான இணைப்புத் திசுப் புரதங்களின் அமைப்பு அப்படி. அதனால் தசைநார் செய்ய வேண்டிய வேலையையும் சேர்த்துத் தசைகள் நாள் முழுக்கச் செய்கின்றன. தசை களைத்துப்போனால் மூட்டு தன் எல்லையைத் தாண்டி நழுவுகிறது, சின்னச் சின்னக் காயங்கள் சேர்கின்றன, வலி வருகிறது. பள்ளி நாட்களில் தினமும் ஆடியதால் தசை வலுவாக இருந்திருக்கும். ஆட்டம் நின்று நாற்காலியில் உட்கார்ந்த பிறகு வலி தொடங்கியதா என்று யோசித்துப் பாருங்கள். என்னிடம் வரும் முன்னாள் நடனக் கலைஞர்கள் பலரின் கதை அதுதான்.

ரிப்போர்ட் நார்மலாக இருப்பதில் ஆச்சரியம் இல்லை. இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. போன்ற ரத்தப் பரிசோதனைகள் உடலில் அழற்சி இருக்கிறதா என்று தேடுபவை. எக்ஸ்-ரே, அசையாமல் இருக்கும் எலும்பின் படம். உங்கள் பிரச்சினை அசையும்போது நடப்பது, அது இந்த இரண்டிலும் சிக்காது. ‘நார்மல்’ என்றால் முடக்குவாதம் போல மூட்டை அரிக்கும் நோய்க்கான அறிகுறி அதில் தெரியவில்லை என்று பொருள். வலி பொய் என்று பொருள் இல்லை. வீட்டில் கேட்பவர்களிடம் இதை அப்படியே சொல்லலாம்.

யோகாவுக்கு வருவோம். தளர்ந்த மூட்டைக் காப்பாற்ற அதைச் சுற்றியுள்ள தசைகள் இறுகிக்கொள்ளும். உங்களுக்கு அது ‘உடம்பு பிடித்துக்கொண்ட’ உணர்வாகத் தெரியும். நீட்டி இழுத்தால் ஒரு மணி நேரம் சுகமாக இருக்கும். ஆனால் நீங்கள் தளர்த்தியது காவலுக்கு நின்ற தசையை. அடுத்த நாள் மூட்டு இன்னும் ஆட்டம் காணும், தசை இன்னும் இறுகும். வகுப்பில் மற்றவர்கள் பாதி வளைந்து நிற்கும்போது நீங்கள் முழுக்க வளைந்து பாராட்டும் வாங்கியிருப்பீர்கள். மற்றவர்களுக்கு எல்லை என்று தசைநார் சொல்லும் இடத்தில் உங்களுக்கு ஒன்றும் சொல்லாது. எண்ணெய் போட்டு அழுத்தி உருவுவதும், சுளுக்கு எடுப்பதும் இதே கணக்குதான். வெந்நீர் ஒத்தடம் போதும்.

உங்களுக்கு இருப்பது இதுதானா என்று பார்க்க மருத்துவர்கள் பயன்படுத்துவது பெய்ட்டன் மதிப்பெண். தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த பீட்டர் பெய்ட்டனின் பெயரால் 1973 முதல் வழக்கத்தில் இருக்கிறது. மொத்தம் 9. சுண்டுவிரல் பின்பக்கம் 90 டிகிரிக்கு மேல் போனால், கட்டைவிரல் வளைந்து முன்கையைத் தொட்டால், முழங்கை நேர்க்கோட்டைத் தாண்டி 10 டிகிரிக்கு மேல் பின்னால் வளைந்தால், முழங்காலும் அப்படி வளைந்தால், ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு மதிப்பெண். காலை மடக்காமல் குனிந்து உள்ளங்கை முழுவதையும் தரையில் வைக்க முடிந்தால் இன்னொன்று. பருவமடைந்தவர்களுக்கு 50 வயது வரை 5 அல்லது அதற்கு மேல் இருந்தால் பொதுவான தளர்வு என்று கொள்கிறோம். இதில் தோள், இடுப்பு, கணுக்கால் கணக்கில் இல்லை. ஆகவே 4 எடுத்தவருக்கு ஒன்றுமில்லை என்று நான் அனுப்பிவிடுவதில்லை. இன்னொன்று, 9 எடுத்தும் வாழ்நாளில் வலியே வராதவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். வளைவது நோயல்ல. வளைவதோடு வலி, பிசகல், களைப்பு சேரும்போதுதான் சிகிச்சை.

2017இல் வந்த சர்வதேச வகைப்பாட்டின்படி இதற்கு இரண்டு பெயர்கள். எல்லா விதிகளும் பொருந்தினால் ஹைப்பர்மொபைல் எலர்ஸ்-டான்லாஸ் சிண்ட்ரோம், அதாவது எலர்ஸ்-டான்லாஸ் என்ற பிறவி இணைப்புத் திசுக் கோளாறுகளில் ஒரு வகை. பொருந்தாவிட்டால் ஹைப்பர்மொபிலிட்டி ஸ்பெக்ட்ரம் டிஸ்ஆர்டர். எந்தப் பெயர் கிடைத்தாலும் செய்ய வேண்டியது பெரும்பாலும் ஒன்றேதான். இந்த வகைக்கு உறுதி செய்யும் மரபணுப் பரிசோதனை இதுவரை இல்லை, எனவே அதற்காக ஆயிரக்கணக்கில் செலவழிக்காதீர்கள். எலர்ஸ்-டான்லாஸின் மற்ற வகைகளுக்குப் பரிசோதனை உண்டு. குடும்பத்தில் யாராவது இளம் வயதில் பெருந்தமனி கிழிந்தோ திடீரென்றோ இறந்திருந்தால், தோல் மெலிந்து ரத்த நாளங்கள் வெளியே தெரிந்தால், காயங்கள் சிகரெட் தாள் போன்ற தழும்பாக ஆறினால், அல்லது உயரமும் நீண்ட விரல்களும் கண் லென்ஸ் கோளாறும் சேர்ந்து மார்ஃபன் என்ற இன்னொரு இணைப்புத் திசுக் கோளாறோ என்ற சந்தேகம் வந்தால், அப்போது இதய எக்கோவும் மரபணு ஆலோசனையும் அவசியம். வேலூர் சி.எம்.சி.யில் மருத்துவ மரபியல் துறை இருக்கிறது. சாதாரண மதிப்பீட்டுக்கு மூட்டுவாத நிபுணரிடம், அதாவது ருமட்டாலஜிஸ்டிடம், ஒருமுறை காட்டினால் போதும். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் அதற்கெனத் தனித் துறை உண்டு.

காலையில் எழுந்ததும் அரை மணி நேரத்துக்கு மேல் இறுக்கம், மூட்டில் கண்ணுக்குத் தெரியும் வீக்கம், காய்ச்சல், எடை குறைதல், தூக்கத்தைக் கலைத்து எழுப்பி நடந்தால் குறையும் முதுகுவலி, இவற்றில் ஏதாவது வந்தால் ‘எனக்கு ஹைப்பர்மொபிலிட்டிதானே’ என்று விட்டுவிடாமல் மறுபடி காட்ட வேண்டும். தளர்ந்த மூட்டு உள்ளவருக்கும் வேறு நோய் வரலாம். வைட்டமின் டி, தைராய்டு, ஹீமோகுளோபின் மூன்றையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். இவை குறைந்திருந்தால் இருக்கிற வலியும் களைப்பும் இரட்டிப்பாகும், சரிசெய்வதும் சுலபம்.

சரி, என்ன பயிற்சி? முதல் வாரம் ஒரே ஒரு வேலைதான். கண்ணாடிக்குப் பக்கவாட்டில் நின்று உங்கள் முழங்காலைப் பாருங்கள். பின்னால் வளைந்து பூட்டிக்கொண்டு நிற்கிறதா? அதை மயிரிழை அளவு தளர்த்தி, தொடைத்தசை லேசாக வேலை செய்யும்படி நில்லுங்கள். வினோதமாக இருக்கும், கால் மடங்கியிருப்பது போலத் தோன்றும். காரணம், தளர்ந்த மூட்டுகளில் ‘மூட்டு இப்போது எங்கே இருக்கிறது’ என்று மூளைக்குச் சொல்லும் உணர்வே மங்கலாக இருக்கும். கதவு நிலையில் அடிக்கடி இடித்துக்கொள்வதும், கையிலிருந்து டம்ளர் நழுவுவதும் இதனால்தான், கவனக்குறைவு இல்லை. லிஃப்டுக்குக் காத்திருக்கும்போது, பல் தேய்க்கும்போது, எங்கே நின்றாலும் பூட்டாத முழங்கால். இது பழகிவிட்டால் அப்புறம் அதே நிலையில் ஒற்றைக்காலில் நின்று பழகலாம், பக்கத்தில் சுவர் இருக்கட்டும்.

அடுத்து வலு. மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி இடுப்பைத் தூக்குவது, ஒருக்களித்துப் படுத்து மேல் முழங்காலை மட்டும் விரிப்பது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் மெதுவாக எழுந்து மெதுவாக உட்காருவது. நான்குமே மூட்டின் நடு வீச்சுக்குள் செய்யக்கூடியவை. எந்த மூட்டையும் கடைசி எல்லை வரை கொண்டுபோகாதீர்கள். முதலில் ஐந்தைந்து முறை, வாரத்தில் மூன்று நாள். பயிற்சிக்குப் பின் தசை வலித்து 24 மணி நேரத்தில் அடங்கினால் சரியான அளவு. மூட்டு வலித்தாலோ, வலி இரண்டாம் நாளும் நீடித்தாலோ அடுத்த முறை பாதியாகக் குறையுங்கள், நிறுத்தாதீர்கள். தசை வலுப்பெற மூன்று மாதமாவது ஆகும். முதல் மாதத்தில் பலனில்லை என்று விட்டுவிடுபவர்கள்தான் அதிகம்.

‘தளர்ந்த மூட்டு, கனம் தூக்கக் கூடாது’ என்று உங்களுக்கு யாராவது சொல்லியிருப்பார்கள். படிப்படியாகப் போனால் தூக்கலாம். டென்மார்க்கில் தளர்ந்த தோள்பட்டை உள்ளவர்களை இரு குழுவாகப் பிரித்து 16 வாரம் பயிற்சி கொடுத்து, 2022இல் முடிவை வெளியிட்டார்கள். லேசான பயிற்சி செய்தவர்களைவிட அதிக எடை தூக்கிய குழுவுக்கே அன்றாட வேலைகள் கூடுதலாக எளிதாகின. ஆனால் அது பிசியோதெரபிஸ்ட் பக்கத்தில் நின்று கவனித்த பயிற்சி. யூடியூப் பார்த்து டம்பெல் வாங்கியது இல்லை. முதல் சில அமர்வுகளாவது ஒரு பிசியோதெரபிஸ்டிடம் போங்கள். அவர் வலி குறைக்கும் அலைக்கருவியை உங்கள் மேல் வைத்துவிட்டு வேறு நோயாளியிடம் போய்விட்டால், ஆளை மாற்றுங்கள்.

நடனத்தை ஏன் விட வேண்டும்? அரைமண்டி, அதாவது முழங்காலை வெளிப்புறம் மடக்கிப் பாதி உட்கார்ந்த நிலை, உண்மையில் தொடைக்கும் இடுப்புக்கும் அருமையான வலுப்பயிற்சி. பாதத்தைத் திருகாமல் இடுப்பிலிருந்து காலைத் திருப்புவதும், முழங்கால் பாதத்தின் நேர்மேலே இருப்பதும் முக்கியம். முழங்கை பின்னால் வளையும் அளவுக்கு பக்கவாட்டில் நீட்டும் நாட்டியாரம்பக் கையை இழுத்துப் பிடிக்க வேண்டாம். கடினமான தரையில் பாதத்தை ஓங்கித் தட்டும் வேகமான தட்டடவு மட்டும் பின்னால் வரட்டும்.

மற்றபடி நாள் முழுக்க நாம் அறியாமல் செய்யும் சில்லறைத் தவறுகள்தான் மூட்டைப் படுத்துகின்றன. போனைச் சுண்டுவிரலில் தாங்கிக் கட்டைவிரலால் தள்ளிக்கொண்டே இருப்பது. பஸ்ஸில் மேல்கம்பியில் தொங்குவது; நிற்கும் கம்பியை முழங்கை மடங்கியபடி பிடியுங்கள். ஈரத்துணியை முறுக்கிப் பிழிவது. தட்டிவிட்டு அப்படியே காயப்போடுங்கள். ஒரு பக்க இடுப்பைத் தள்ளி நிற்பது. தொடைகளுக்கு வெளியே கால்களைப் பரப்பித் தரையில் உட்காருவது. பொழுதுபோகாமல் நெட்டி முறிப்பது. தரையில் சம்மணம் போடுவதில் தவறில்லை, இருபது நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும். படுக்கும்போது கையைத் தலைக்கு மேல் போடாமல், முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை. கணுக்காலுக்கும் மணிக்கட்டுக்கும் உறை மாட்டுவது பயண நாட்களில் உதவும். நாள் முழுக்க மாட்டினால் தசை சோம்பும்.

வலி இல்லாத ஞாயிற்றுக்கிழமை வந்தால் வீடு முழுக்க ஒட்டடை அடித்து, மாவரைத்து, சாயங்காலம் தோழிகளோடு மாலில் சுற்றிவிட்டுத் திங்கள் முதல் புதன் வரை படுப்பது உங்கள் வழக்கமா? நல்ல நாளில் முடிந்ததில் முக்கால்வாசி மட்டும் செய்யுங்கள், மோசமான நாளிலும் கொஞ்சம் நடங்கள். கேட்கச் சாதாரணமாக இருக்கும், கடைப்பிடிப்பதுதான் கஷ்டம்.

மாத்திரை விஷயம். டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் போன்றவை அழற்சிக்கானவை; உங்களுக்கு அழற்சி பெரிதாக இல்லை. எப்போதாவது சரி. மாதக்கணக்கில் மெடிக்கலில் கேட்டு வாங்கிப் போட்டால் வயிற்றுக்கும் சிறுநீரகத்துக்கும் கேடு. பல பெண்களுக்கு மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் வலி கூடும், அப்போது பாராசிட்டமாலும் ஒத்தடமும் போதுமா என்று முதலில் பாருங்கள். சிப்ரோஃப்ளாக்சசின், ஓஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாடிக்குகள், தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணைப் பாதிக்கலாம். மாற்று மருந்து இருக்கிறதா என்று மருத்துவரிடம் கேளுங்கள். பல் மருத்துவரிடமும் சொல்லிவையுங்கள், சிலருக்கு மரத்துப்போகும் ஊசி சரியாகப் பிடிப்பதில்லை. கொலாஜன் பவுடர் வாங்காதீர்கள். சாப்பிட்ட கொலாஜன் மற்ற புரதம் போலவே செரித்துப்போகும், உங்கள் தசைநாரின் அமைப்பை மாற்றாது.

கழுத்தைப் பற்றி மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். சலூனிலோ, மசாஜ் செய்யும் இடத்திலோ, யாராக இருந்தாலும் கழுத்தை வெடுக்கென்று திருப்பிச் சொடக்கெடுக்க விடாதீர்கள். மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வரலாம். எல்லோருக்கும் உள்ள ஆபத்துதான், தளர்ந்த கழுத்துக்கு இன்னும் வேண்டாம்.

எழுந்து நின்றால் தலைசுற்றல், படபடப்பு உண்டா? நீங்கள் எழுதவில்லை, ஆனால் மூட்டுத் தளர்வு உள்ளவர்களிடம் இது அதிகம். பத்து நிமிடம் படுத்துவிட்டு நாடியை எண்ணுங்கள், பிறகு அசையாமல் பத்து நிமிடம் நின்று எண்ணுங்கள். நிமிடத்துக்கு 30 துடிப்புக்கு மேல் கூடி அப்படியே நின்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள். அதற்குத் தனிச் சிகிச்சை இருக்கிறது.

இனி கல்யாணம். தாராளமாகச் செய்துகொள்ளலாம். மாப்பிள்ளை வீட்டில் எவ்வளவு சொல்வது என்பது உங்கள் விருப்பம். கணவராக வரப்போகிறவருக்குத் தெரிந்திருப்பது நல்லது என்பது என் கருத்து, ஏனென்றால் பளு தூக்கும் வேலைகளைப் பங்கு போட வேண்டியவர் அவர். இந்தத் தளர்வு குடும்ப வழியில் வரும். எலர்ஸ்-டான்லாஸ் வகை என்று உறுதியானால் ஒவ்வொரு குழந்தைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. ஆனால் வலியின் அளவு ஆளுக்கு ஆள் மாறும். உங்கள் அம்மாவோ அப்பாவோ இதே உடம்போடு வலியில்லாமல் இருக்கலாம், அவர்கள் கட்டைவிரலை வளைக்கச் சொல்லிப் பாருங்கள். கர்ப்ப காலத்தில் ஹார்மோன்கள் மூட்டுகளை இன்னும் தளர்த்தும், இடுப்பெலும்பு வளையத்தில் வலி பலருக்கும் வரும். கருத்தரிப்பதற்கு ஆறு மாதம் முன்பிருந்தே இடுப்பு, தொடைத் தசைகளை வலுவாக்கிக்கொண்டவர்கள் அதை நன்றாகச் சமாளிக்கிறார்கள். முதல் செக்கப்பிலேயே மகப்பேறு மருத்துவரிடமும், பிரசவத்துக்கு முன் மயக்க மருந்து மருத்துவரிடமும் சொல்லிவிடுங்கள்.

வாழ்நாள் முழுக்க இருக்குமா என்றால், தளர்வு இருக்கும், வயது ஏறும்போது கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். வலி அப்படியே இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. கண்ணாடி முன் நிற்கும் பயிற்சியை இன்றைக்கே தொடங்குங்கள், மூன்று மாதம் கழித்து எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள்.